குறட்டை வெறும் அசதி அல்ல



உறக்க மூச்சுத்தடை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழைகளுக்கு இந்நோய்க்கான சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதை முழுமனதாக ஏற்கிறேன்.

என் கணவர் லாரி ஓட்டுநர். அவர் குறட்டைக்கு அசதிதான் காரணம் என்று பல வருடங்கள் இருந்துவிட்டோம். (அக்கம்பக்கத்தில் கேலி வேறு.) நடுராத்திரியில் குறட்டை சட்டென நின்று, பத்துப் பதினைந்து விநாடி மூச்சே இருக்காது, பதறிப்போய் உலுக்குவேன். பகலில் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொருகும். பரிசோதித்ததில், தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவது தெரிந்தது. முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி வேண்டுமாம். எங்களுக்குச் சொன்ன விலை 40,000 ரூபாய். லாரிக்குக் கடன் கொடுப்பவர்கள் இதற்குக் கொடுக்கவில்லை.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இந்நோயையும் கண்டறிய, குறட்டை உண்டா, பகலில் தூக்கம் சொக்குகிறதா என்று அவர்களே இரண்டு கேள்வி கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் கருவியை இரவலாகத் தந்து, முகமூடியை மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கொடுக்கலாம். ஓட்டுநர்களிடமிருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, நாமக்கல்