காயிலை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

என் தம்பி மகனிடம் ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருக்கிறது. கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிவிட்டு, தனியாக விற்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வாங்கி, இன்ஜெக்டர், இரட்டைக் காயில் எல்லாம் அவனே பொருத்தினான். கோவைக்குள் அருமையாக ஓடியது. காங்கேயம் ரோட்டில் அரை மணி நேரம் விரட்டினால் மட்டும் விக்கும், அப்புறம் நின்றுவிடும். நான்கு மாதத்தில் மூன்று காயில் போயிற்று.

மூன்றாவது தடவை இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. "பெரியப்பா, மறுபடியும் நின்னு போச்சுங்க. டூப்ளிகேட் காயிலைக் கட்டி விட்டுட்டாங்க போல." வண்டிக்குள் கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "இதை எடைக்குப் போடுங்க" என்று அவன் மனைவி சொன்னதும் கேட்டது.

மூன்று காயிலும் ஒரே மாதிரி போனால் குற்றம் காயிலில் இல்லை. இதை நான் சொன்னபோது அவன் நம்பவில்லை. என் வயது நண்பர்களோ வேறு பல்லவி பாடினார்கள்: "பாயிண்ட், கன்டென்சர் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை உண்டா?" இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை.

பாயிண்ட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 0.4 மில்லிமீட்டரை ஒட்டி கேப் வைப்போம். பில்லர் கேஜ் கிடைக்காவிட்டால் விசிட்டிங் கார்டு. பாயிண்ட் மூடியிருக்கும் நேரம்தான் காயிலில் கரண்ட் ஏறுகிற நேரம். அதற்குப் பெயர் ட்வெல். நாலு சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு பொறிக்கும் கிடைக்கிற 90 டிகிரியில் ஏறத்தாழ 60 டிகிரி மூடியிருக்கும். கோணம் மாறாது, நேரம்தான் மாறும். ஐடிலிங்கில் 750 சுற்றில் ஓடும்போது அது சுமார் 27 மில்லிசெகண்ட். 4500 சுற்றில் நாலரை கூட வராது. அதனால்தான் வேகம் ஏற ஏற நம் பழைய வண்டிகளில் பொறி பலவீனமானது. ஐடிலிங்கில் 27 மில்லிசெகண்ட் கரண்ட் பாய்ந்தும் காயில் தப்பித்தது எப்படி? அதன் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம். 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர், அதற்கு மேல் அது கேட்காது. நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

புதுக் காயில் அப்படியல்ல. தம்பி மகனுடையதை மீட்டரில் அளந்தேன். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொடவைத்து வந்த எண்ணைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அரை ஓம். தடுப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் அது 20 ஆம்பியருக்கு மேலேயும் இழுக்கும். தடுக்கிற வேலை முழுவதும் பெட்டியில் நாம் எழுதுகிற மில்லிசெகண்டில் இருக்கிறது. அவன் எழுதியிருந்தது 6.

"இது எங்கிருந்து வந்தது?" என்றேன். வேறு யாரோ வேறு ஒரு காயிலுக்காகச் செய்த ஃபைலை அப்படியே ஏற்றியிருக்கிறான். "ஆனா பெரியப்பா, 6 வெச்சா காலைல ஒரே சாவில ஸ்டார்ட் ஆகுதுங்க" என்றான்.

தெரிந்தவர் ஒருவரிடம் ஆசிலாஸ்கோப்பும் கரண்ட் கிளாம்ப்பும் கடன் வாங்கிவந்து காயில் வயரில் மாட்டினோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட். கரண்ட் கோடு சரிவுப் பாதை போலச் சீராக ஏறி, 3 மில்லிசெகண்டில் 7 ஆம்பியரைத் தொட்டது. சற்றைக்கெல்லாம் கோடு சட்டென்று செங்குத்தாகத் திரும்பி 15ஐ நோக்கிப் போயிற்று. உள்ளே இருக்கும் இரும்புக்கு அதற்கு மேல் காந்தம் கொள்ளவில்லை. மிச்சக் கரண்டால் பொறிக்குப் பெரிய லாபமில்லை, சூடுதான். ஊருக்குள் நிமிடத்துக்குப் பொறி குறைவு, ஆறிக்கொள்ள இடைவெளி கிடைக்கும். ஹைவேயில் அந்த இடைவெளி இல்லை.

மூன்றாகக் குறைத்தோம். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை!

அவன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியை அளந்தால் 9 வோல்ட். அந்த வோல்ட்டில் அதே 7 ஆம்பியர் ஏற ஐந்து மில்லிசெகண்டுக்கு மேல் வேண்டும். அவனுடைய 6 காலையில் சரியாக இருந்ததற்கும் ரோட்டில் காயிலைக் கொன்றதற்கும் காரணம் ஒன்றுதான். வோல்ட்டேஜுக்குத் தக்கபடி ட்வெல்லை மாற்ற அந்தப் பெட்டியிலேயே ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் எல்லாக் கட்டத்திலும் 100 சதவீதம் என்றே கிடந்தது. 14 வோல்ட்டுக்கு 3, 12க்கு மூன்றரை, 9க்கு 5 சொச்சம் என்று நிரப்பினோம். சாயங்காலம்வரை ஆயிற்று.

தெரியாதது தப்பில்லை. மூன்று காயிலுக்குக் காசு கொடுத்தவன் ஒரு தடவைகூட கிளாம்ப் மாட்டவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஸ்க்ரீனில் எண் தெரிந்தால் அளந்தாயிற்று என்று நினைக்கிறார்கள். அது நாம் எழுதிய எண், காயில் சொன்ன எண் அல்ல. விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தவர்கள்கூட பாயிண்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

போன ஞாயிறு காங்கேயம் போய்வந்தார்கள். திரும்பியதும் பானெட்டைத் திறந்து காயில்மேல் கை வைத்தேன், வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பாயிண்டையே திரும்ப மாட்டச் சொல்லும் நண்பர்கள் ஒரு தடவை அந்த வண்டியில் ஏறி ஹைவேயில் போய்வந்துவிட்டுப் பேசட்டும்.