8 மணி நேர ஊரில் 36 மணி நேர டூட்டி

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் தாத்தா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30-ல் சவானா மில் வேலைநிறுத்தத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே 8 மணி நேர வேலை இங்கே சட்டமானது. பக்கத்துக் கடலூரில், பிரிட்டிஷ் சட்டப்படி, அப்போது வாரம் 54 மணி நேரம்.

பேத்தி நான் நர்ஸ் ஆனேன். ரிட்டயர் ஆகும்வரை நைட் டூட்டியில் நான் பார்த்த, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்களுக்கு எந்த மணிக்கணக்கும் கிடையாது. காலை எட்டுக்கு வார்டுக்கு வந்த பிள்ளை, மறுநாள் மதியமும் ஓ.பி.யில் நிற்கும். விடியற்காலை கேஸ் ஷீட்டில் மருந்தளவை எழுதிவிட்டு, "சிஸ்டர், சரியா இருக்கானு பாருங்க" என்று நீட்டுவார்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் சொல்வேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், கண் சொருகிவிடும்.

இப்போது இதற்கு வைத்தியம் யோகாவாம், கவுன்சலிங்காம். நல்லதுதான். ஆனால் இரவெல்லாம் விழித்த பிள்ளை சவாசனத்தில் படுத்தால் எழுந்திருக்காது.

மணிக்கணக்கு காகிதத்தில் இருக்கிறது. 1992 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, தொடர் டூட்டி 12 மணி நேரம், வாரத்துக்கு 48. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் அது 'நியாயமான வேலை நேரம்' என்று சுருங்கியது, எண்ணே இல்லை. 2024-ல் அதே ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரம் 74-ஐத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பழைய உத்தரவைவிட 26 மணி நேரம் அதிகம். இதுதான் சலுகை!

அந்த ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பி.ஜி. பெண் டாக்டர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டபோது பாதுகாப்பைப் பற்றி நாடே பேசியது. 36 மணி நேர டூட்டிக்கு நடுவே அந்தப் பெண் கருத்தரங்க அறையில் படுக்க வேண்டியிருந்ததைப் பேசியவர்கள் கொஞ்சம்தான்.

"நாங்களும் இப்படித்தான் கற்றோம்" என்பார்கள் சீனியர்கள். முப்பதாவது மணி நேரத்தில் என்ன கற்றார்கள் என்று அருகில் இருந்து பார்த்தவள் நான். ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கிப் போவார்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு அலைவார்கள், காப்பீட்டு ஃபாரம் நிரப்புவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காப்பி எடுப்பார்கள். இதில் பாதிக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. வார்டுக்கு ஒரு கிளார்க்கையும், இரவுக்கு இன்னொரு அட்டெண்டரையும் போட்டாலே அந்தப் பிள்ளைகளுக்குச் சில மணி நேரத் தூக்கம் கிடைக்கும். எந்த பி.ஜி. எத்தனை மணி நேரமாக டூட்டியில் இருக்கிறார் என்பதை வார்டு வாசலில் எழுதி ஒட்டட்டும். படுக்கையில் கிடப்பவரின் சொந்தக்காரருக்கும் அது தெரிய வேண்டும்.