அறிந்து கொள்வோம்: தன் பெயரைச் சொல்லாத தாய்மார்கள்



நாடு விடுதலை பெற்ற நாள் எது, குடியரசான நாள் எது என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்லி விடுவார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து ஏன் நீக்கப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கே விடை தெரிந்திருக்காது. அப்பெண்களுக்குச் சட்டம் வாக்குரிமையை மறுக்கவில்லை. வயதும் குறைவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் அவர்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இழந்தது எத்தகைய உரிமை என்பதை உணர, அதற்கு முந்தைய காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்கு எல்லோருக்கும் உரியதன்று. சொத்துடையோர், வரி செலுத்துவோர், ஓரளவு கல்வி கற்றோர் ஆகியோருக்கே அது கிட்டியது. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கி மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டியது நமக்குப் பெருமைதான். ஆனால் சொத்து நிபந்தனை அப்படியே இருந்தமையால், அந்தப் பெருமையில் பங்கு பெற்ற பெண்கள் மிகச் சிலரே. 1935ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவி அல்லது விதவை என்ற முறையிலும் ஒரு பெண் வாக்காளராகலாம் என்றது அது. அதாவது, 'இன்னாருடைய மனைவி' என்பதே அன்று ஒரு தகுதியாக இருந்தது.

அந்நாளில் முஸ்லிம்களுக்கெனத் தனித்தொகுதி முறையும் இருந்து வந்தது; 1909இல் தொடங்கியது அது. அதைத் தொடர வேண்டுமா, கைவிட வேண்டுமா என்பது அரசியல் நிர்ணய சபையில் பெரும் விவாதமாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் போக்கர் சாகிபும் தனித்தொகுதி நீடிக்க வேண்டுமென வாதாடினர். அச்சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினரான பேகம் ஐஜாஸ் ரசூல் அதற்கு நேர்மாறான கருத்தை எடுத்துரைத்தார். இரு தரப்பையும் நம் கல்லூரி மாணவர்கள் படித்துப் பார்ப்பது நல்லது. ஒரே சமுதாயத்தவர், ஒரே அவையில், கண்ணியம் குறையாமல் மாறுபட்டு நின்ற காட்சி அது. முடிவில் அரசியல் சட்டத்தின் 325ஆம் பிரிவு ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான் என்றும், மதம், இனம், சாதி, பால் காரணமாக எவரையும் அதிலிருந்து விலக்கலாகாது என்றும் விதித்தது. 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. அன்று 21ஆக இருந்த வாக்குரிமை வயது, 61ஆவது திருத்தத்தால் 1989 முதல் 18 ஆயிற்று.

சட்டத்தில் எழுதுவது எளிது. பட்டியல் தயாரிப்பது எளிதன்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென், ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்களின் பெயர்களைத் திரட்ட வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் பொறித்த தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. 1951 அக்டோபரில் தொடங்கிய வாக்குப்பதிவு 1952 பிப்ரவரி வரை நீண்டது.

பட்டியலுக்காக வீடு வீடாகச் சென்றவர்களுக்கு வட இந்தியாவின் சில மாநிலங்களில் ஒரு விநோதமான இடர் எதிர்ப்பட்டது. அந்நிய ஆடவரிடம் தம் பெயரைச் சொல்வது முறையன்று எனக் கருதிய பெண்கள், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் கூறிக் கதவைச் சாத்திக் கொண்டனர். (இது நம் சமுதாயத்தின் வழக்கம் மட்டும் என்று எண்ணி விடாதீர்கள், அப்பகுதிகளில் பல சமூகத்தாரிடமும் வேரூன்றியிருந்த வழக்கம்.) சொந்தப் பெயரின்றி ஒருவரை வாக்காளராகப் பதிய இயலாது என்று சென் உறுதியாக நின்றார். விளைவு, நாட்டின் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம் பேரின் பெயர்கள் நீங்கின. கடுமையான முடிவுதான். ஆனாலும் எனக்கு அது சரியென்றே படுகிறது. மனைவி என்ற முறையில் ஒட்டிக்கொண்டு வந்த வாக்கைத் தனிமனிதரின் வாக்காக மாற்ற வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்து வந்த 1957 தேர்தலுக்குள் நிலை பெரிதும் சீரடைந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பெண்கள் இன்று பெயர் சொல்லக் கூசுவதில்லை. ஆயின் ஒரே பெண் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயராகவும், குடும்ப அட்டையில் 'பீவி' சேர்ந்தும், வாக்காளர் அட்டையில் 'பேகம்' சேர்ந்தும் மூன்று பேராக உலவுகிறாள். முகமது, முகம்மது, முஹம்மது என்று தந்தையின் பெயரும் மூன்று விதமாகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம் பெயரோ உறவினர் பெயரோ இருந்த விவரத்தைப் படிவத்தில் கேட்டார்கள். தாயின் பெயர் பழைய பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பது மகளுக்கும் தேவையான செய்தியாயிற்று.

பிழை இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம். குடிபெயர்ந்தோருக்கும் அதே படிவம்தான். மணமாகிச் சென்ற மகளின் பெயரைப் புகுந்த வீட்டு முகவரிக்கு மாற்றக் குடும்பங்கள் மறந்து விடுகின்றன. (மணமகன் பெண் வீட்டில் குடியேறும் வழக்கமுள்ள ஊர்களில் மாற்ற வேண்டியது மாப்பிள்ளையின் பெயரை!) இரண்டு இடங்களில் பெயர் இருப்பது சட்டப்படி கூடாது. 18 நிரம்பியோர் புதிதாகச் சேரப் படிவம் 6. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களும் சேர்ந்துள்ளன.

வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழியுண்டு. அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவரையில், கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியைக் கொண்டு படிவம் 6ஏ மூலம் பெயரைச் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் அசல் கடவுச்சீட்டுடன் நேரில் வாக்குச்சாவடிக்கு வந்தாக வேண்டும். விடுப்பும் தேர்தலும் ஒத்து வருவது அரிதுதான்.