கையெழுத்து வைச்சது எதுக்கு?

போன வருசம் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவவுக்குச் சீனி வருத்தமும் பிறஷரும். விடிய வெள்ளனப் போய் இலக்கம் எடுத்து வாங்கிலில் இருத்திவிட்டு, தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு திரும்பி வாறன், ஒருவர் அவவின் கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்துக்கொண்டு நிற்கிறார். “ஆராய்ச்சிக்குத் தம்பி, அம்மா சைன் வைச்சிட்டா.” படிவம் முழுக்க ஆங்கிலம்.

“ஏன் வைச்சனீங்கள்?” எண்டு கேட்டேன்.

“வைக்காட்டிக் குளுசை தரமாட்டாங்களோ எண்டு நினைச்சன்.”

இதைத்தான் ‘சம்மதம்’ என்று ஆய்வறிக்கையில் எழுதப்போகிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் இதுக்குப் பெயர் பயம்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரியில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரரைக் கொல்லும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் தீர்க்கமாகத் தெரியவில்லை. அந்தச் சனம் இரத்தமும் சலமும் கொடுக்காமல் ஒருநாளும் அது தெரியவரப்போவதில்லை. கொடுக்கத்தான் வேணும். ஆனால் கொடுப்பது வேறு, எடுப்பது வேறு.

“எங்களிட்ட மறைக்க என்ன கிடக்கு? பெயரைத்தான் எடுத்துவிடுகிறார்களே” என்று கேட்பவர்கள் ஹவசுப்பாய் மக்களின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் பழங்குடியினர். ஊரில் நீரிழிவு பெருகியதால், 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இரத்தம் கொடுக்கத் தொடங்கினார்கள். படிவத்திலோ ‘நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்கள்’ என்று அகலமாக எழுதியிருந்தது. அதே இரத்தத்தை வைத்து மனச்சிதைவையும், உறவுக்குள் மணமுடிப்பதையும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்களுக்கு, ‘நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்’ என்று அவர்களின் இரத்தமே சாட்சி சொல்ல வைக்கப்பட்டது. வழக்கு நடந்தது. 2010இல் ஏழு இலட்சம் டொலரோடும், மிஞ்சிய இரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதோடும் இணக்கத்துக்கு வந்தார்கள். தனி ஆளின் பெயரை எடுத்தாலும் ஊரின் பெயர் அங்கேயேதான் கிடந்தது.

எங்கட நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் சட்டம் கிளினிக் வாங்கிலுக்கு வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருக்காது.

ஆகவே கேட்கவேண்டியதை நாங்கள்தான் கேட்கவேணும். படிவம் அவவின் மொழியில் இருக்கவேண்டும். ‘மாட்டன் எண்டாலும் மருந்து கிடைக்கும்’ என்பதை முதல் வசனமாக வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு கேள்விக்கு வாங்கியதை இன்னொரு கேள்விக்குப் பாவிப்பதென்றால் திரும்ப வந்து கேட்கவேண்டும். கண்டுபிடித்ததை ஊருக்கு வந்து சொல்லவேண்டும்.

செலவு கூட என்பார்கள். மாதிரி கொடுக்க வந்து நின்ற கமக்காரன் இழந்த நாள்கூலியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

இதை எழுதுகிற நானும் ஒழுங்கில்லை. இரண்டாம் வருசக் களவேலைக்கு முப்பது வீடுகளில் வினாக்கொத்து நிரப்பினேன். ஆருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எல்லாம் கேட்டேன். ஒரு வீட்டுக்கும் முடிவைக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. புள்ளி வந்தது, அலுவல் முடிஞ்சுது. கலைப்பீடத்து நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் திரும்பிப் போனீர்கள்?

அம்மம்மாவின் கொப்பிப் பக்கங்கள் இப்ப ஆருடைய போனில் கிடக்குதோ தெரியாது. அடுத்த முறை ஆரும் வந்தால், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு “எதுக்கு மோனை?” எண்டு முதலில் கேளுங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கட வீட்டில் சொல்லி வையுங்கோ.