தையல் கரைவதில்லை



என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "பிளாஸ்டிக் மட்குமா?" என்று கேட்டால் வகுப்பே "மட்காது சார்!" என்று கத்தும். நானும் மதிப்பெண் போட்டேன். அந்த விடை பாதிதான் சரி என்று இப்போதுதான் புரிந்தது. அதைத் திருத்தவே இந்தப் பதிவு.

சில மாதங்களுக்கு முன் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. (அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) வீட்டுக்கு அனுப்பும்போது, "தையல் பிரிக்க வர வேண்டாம், தானா கரைஞ்சிடும்" என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம். நான்காவது வாரம் தழும்பின் ஓரத்தில் மீன் முள் மாதிரி ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தது. "இது கரையாம நின்னுடுச்சு, இழுத்துப் போடு" என்றார் ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா. மனைவியோ, "நூல்தான் இன்னும் இருக்கே, தையல் கெட்டியாத்தான் இருக்கும்" என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாள். இரண்டுமே தவறு. இரண்டுக்கும் காரணம் "கரையும்" என்ற அந்த ஒரு சொல்.

சர்க்கரை தண்ணீரில் கரைகிறது. தண்ணீரை வற்றவிட்டால் சர்க்கரை திரும்பக் கிடைக்கும். தையல் நூல் அப்படியல்ல. இன்று அதிகம் பயன்படும் பாலிகிளாக்டின் போன்ற நூல்கள் ஒருவகை பிளாஸ்டிக்தான். கிளைகாலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் சங்கிலியாகக் கைகோத்து நிற்பவை. அந்தக் கைகளை உடம்பிலுள்ள தண்ணீரே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறது. கடைசியில் மிஞ்சும் லாக்டிக் அமிலம், நாம் ஓடும்போது நம் தசையில் உண்டாகும் அதே பொருள். உடம்புக்கு அது புதிதல்ல. பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சிலும், தண்ணீராகவும் வெளியேறிவிடும். கடைப் பையின் பாலித்தீனில் இப்படித் தண்ணீர் வெட்டக்கூடிய இணைப்பு இல்லை. அதனால்தான் அது மட்குவதில்லை.

முக்கியமான இடம் இனிமேல்தான். கிணற்றுக் கயிற்றை நாலு இடத்தில் வெட்டிப் போட்டால், கயிற்றின் எடை குறையாது. ஆனால் வாளி இறைக்க முடியாது. தையலிலும் பலம் முதலில் போகும், நூல் பிறகுதான் போகும். பாலிகிளாக்டின் நூலில் 3 வாரத்தில் ஏறக்குறைய பாதி பலம்தான் மிச்சம். நூல் முழுதும் மறைய 56 முதல் 70 நாள் ஆகும். ஆகவே நான்காவது வாரம் நூல் தெரிவது இயல்பு. அது தெரிகிறது என்பதால் தாங்கும் என்று நினைப்பது ஆபத்து. வயிற்றுச் சுவரின் உள்தசை ஆற மாதங்கள் ஆகும். அங்கே பல மருத்துவர்கள் பாலிடயாக்சனோன் என்ற மெதுவான நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது மறைய 6 மாதம் போல ஆகும்.

மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நமக்குச் சொல்வதற்குத்தான் நேரமில்லை. கூட்டம் அதிகம் என்பது எனக்கும் புரிகிறது. அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து நடத்தியவன் நான். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதித் தராவிட்டால் நாம்தான் கேட்க வேண்டும்: "இந்த நூல் எத்தனை நாள் தாங்கும்? எத்தனை நாளில் மறையும்?" கூடவே, "எப்போதிலிருந்து கனம் தூக்கலாம்?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வகுப்பில் கை தூக்கிக் கேட்டவனை நான் என்றைக்காவது திட்டியிருக்கிறேனா?

நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். என் மனைவிக்கு நுனியை மட்டும் கத்தரித்து அனுப்பினார், ஒரு நிமிட வேலை. சீழ், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போங்கள்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்தது இந்தத் தம்பி மாதிரி வாத்தியார்கள்தான். என் மாணவர்களில் செவிலியராக, மருத்துவராக இருப்பவர்கள் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். இந்த முறை மதிப்பெண் நீங்கள் போடுங்கள்.