பென்குவினும் அல்ல, குஞ்சும் அல்ல!

வட அட்லாண்டிக் கரையோர ஊர்களில், குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் வீட்டுத் தோட்டத்திலோ தெருவிலோ சில சமயம் ஒரு விசித்திர விருந்தாளி உட்கார்ந்திருக்கும். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்! பார்த்தவர்களுக்குப் பென்குவின் குஞ்சோ என்று தோன்றும்.

வடதுருவப் பக்கம் பென்குவினே கிடையாது. வந்திருப்பது 'லிட்டில் ஆக்' என்னும் கடற்பறவை. அமெரிக்கர்கள் 'டவ்கி' என்பார்கள். நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். நம் மைனாவைவிடச் சற்றுக் குட்டை, ஆனால் நல்ல குண்டு.

அடையாளம் காண அலகைப் பாருங்கள். குருவியின் அலகு போலக் குட்டையாக, தடித்திருக்கும். உறவுப் பறவையான பஃபினின் குஞ்சுக்கோ அலகு பெரிது. முகம் சாம்பல் நிறம். கோடையில் லிட்டில் ஆக்கின் முகமும் மார்பும் கறுப்பு. குளிர்காலத்தில் தொண்டை வெளுத்துவிடும். பறக்கும்போது சின்ன இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதே இறக்கைகளைத் துடுப்பாக்கிக் கடலுக்குள் முங்கி இரை தேடும்.

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்கிறீர்களா? குஞ்சு என்று எண்ணி, "தாய் வந்து அழைத்துப் போகட்டும்" என்று விட்டுவிட்டால் அதன் கதி அதோகதிதான். தாய் வரமாட்டாள், அதுவே ஒரு தாயாக இருக்கலாம்! நாள்கணக்கில் புயலடித்தால் இரை கிடைக்காமல் இளைத்து, காற்றில் அடித்து வரப்பட்டுத் தரையில் விழுகிறது. 1932-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நோவா ஸ்கோஷியா முதல் ஃபுளோரிடா வரை இப்படி ஏராளமாக வந்து விழுந்தன. நியூயார்க் வீதிகளும் தப்பவில்லை. பாலும் ரொட்டியும் இதற்கு ஆகாது. காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில், சந்தடியில்லாத இடத்தில் வைத்து, பறவைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்களிடம் சேர்ப்பதே உபகாரம்.

இதன் சொந்த ஊர் கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் போன்ற பனிப் பிரதேசங்கள். பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டை. இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். அரிசி நொய் அளவுள்ள கடற்பூச்சிகளைத் தொண்டைப் பையில் நிரப்பி வந்து ஊட்டுவார்கள். குஞ்சு வளர்ந்ததும் தாய் முதலில் புறப்பட்டுவிடுவாள். கடைசி நாட்களில் ஊட்டுவதும், கடலுக்குக் கூட்டிச் செல்வதும் தகப்பனார் பொறுப்பு!

இப்போது வடகடல் சூடேறி வருகிறது. குளிர்நீரில் வாழும் கொழுத்த பூச்சிகள் குறையும் இடங்களில், கொழுப்புக் குறைந்த சிறு பூச்சிகள்தான் கிடைக்கின்றன. பெற்றோருக்கு அலைச்சல் அதிகம். குஞ்சுக்குச் சத்து குறைவு. விலைவாசி ஏறினால் குடும்பம் நடத்துவது எத்தனை சிரமம் என்பது இல்லத்தரசிகளுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?