விறகோடு புகையும் ஒழியட்டும்

"மரங்களைக் காப்போம்" என்று மேடைதோறும் முழங்குகின்றோம். ஆயினும், விறகையும் கரியையும் நம்பிச் சமைக்கும் குடும்பங்கள் இன்றும் நம் நாட்டில் பல உள்ளன. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. சோறு பொங்க நெருப்பு வேண்டும் அன்றோ? மரத்திற்கு மாற்று எது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

கரி சிக்கனமானது என்று சிலர் எண்ணுகின்றனர். மண் மூடிச் சுடும் பழைய மூட்டத்தில் ஒரு கிலோ கரி பெற ஐந்து கிலோவுக்கும் மேல் மரம் எரிகிறது. மரம் வளர ஆண்டுகள் பல ஆகும். உமி, கடலைத்தோல், கரும்புச் சக்கை ஆகியவற்றையோ வயல் ஆண்டுதோறும் தருகிறது. உமியையும் கடலைத்தோலையும் அழுத்திக் கட்டிகளாக்கினால், ஆலைக் கொதிகலன்களில் விறகுக்குப் பதிலாக எரிக்கலாம். சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரமே உண்டாக்குகின்றன.

ஆனால், வீட்டு அடுப்பிற்கு இது மட்டும் போதுமா? வறட்டியும் மரமன்று; எனினும் அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே நெடுநேரம் இருப்போர் தாய்மாரும் குழந்தைகளுமே. எரிபொருள் மாறியும் புகை மாறாவிடில், அதனை மாற்று என்று நாம் ஏற்பதற்கில்லை.

ஆகவே, சாண எரிவாயுவையே நாம் சிறந்ததெனக் கருதுகிறோம். சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் இட்டால், நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது புகையின்றி நீலச் சுடராய் எரியும். வறட்டி தட்டி எரித்தால் எரு சாம்பலாகிவிடும். கலனில் இட்டாலோ வாயு அடுப்பிற்கும், எஞ்சிய கரைசல் வயலுக்கும் பயன்படும்.

இதற்கென மத்திய அரசு 1981இல் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எனினும், பழுது பார்ப்பாரின்றிக் கைவிடப்பட்ட கலன்கள் பல. இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். ஒற்றைப் பசு வைத்திருக்கும் ஏழை என்ன செய்வார்? பல வீடுகள் சேர்ந்து பொதுக் கலன் அமைக்கட்டும். பழுது பார்க்கும் தொழிலைப் பெண்களுக்கும் கற்பிக்கட்டும். விடுதிகள் தம் சமையற்கழிவைக் குப்பையில் கொட்டாமல் கலனில் இடட்டும்.

தோழியரே, நாளை இல்லம் நடத்தப் போவோரும், பொறியியலும் வேளாண்மையும் பயிலப் போவோரும் நம்முள்ளே இருக்கின்றனர். மரமும் பிழைக்க வேண்டும். அடுப்பின் முன் அமரும் அன்னையும் நலமாய் வாழ வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் எரிபொருளையே கேட்போம், கற்போம், பரப்புவோம்!